கேமராவுக்காகக் காக்க வைத்த சோறு

ஆந்திர எல்லையில், நகரிப் பக்கம் வெள்ளம் வந்தபோது, வெளிநாட்டு நிதியில் இயங்கிய ஒரு தொண்டு நிறுவனத்தின் நிவாரணக் குழுவுக்கு நான்தான் தலைவன். காலையிலேயே சாம்பார் சாதப் பொட்டலங்கள் வந்துவிட்டன. "நிதி கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் திருப்பதியில் வந்து இறங்கியிருக்கிறார்கள், அவர்கள் வரட்டும். படம் எடுத்தபிறகு கொடுக்கலாம்" என்று தடுத்துவிட்டேன்.

"கொயந்தைக்கி மட்டுமாவது ஒண்ணு குடு சார்" என்று ஒரு பெண் கெஞ்சினாள். முறைத்து அனுப்பினேன்.

நிதி கொடுத்தவர்கள் வந்தபோது மாலை மணி நான்கு. கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி அவளிடமே முதல் பொட்டலத்தை நீட்டினேன். பிரித்ததும் ஊசிப்போன வாடை குப்பென்று அடித்தது.

"இத நீ துன்னுவியா சார்?" என்றாள்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அங்கேயே புதிதாக உலை வைத்தோம். இன்றும் குழுவை நடத்துகிறேன். சோறு வந்தால் உடனே பரிமாறிவிடுகிறோம். அன்று என்மேலேயே எனக்கு வந்த அருவருப்பு மட்டும் போகவில்லை.