முதலில் இருநூறு மட்டும்

2005ஆம் ஆண்டு இலையுதிர்காலம். ஒஸ்லோவில், ட்வெய்ட்டாவில் அம்மா அப்பாவோடு இருந்துகொண்டு, ஒரு பாலர் பாடசாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அடுத்த கோடையில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளைக்குத் துரொண்ட்ஹெய்மில் வேலை.

எனக்கிருந்த ஒரே கவலை நெற்றிச்சுட்டி. சிரிக்காதீர்கள். நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் நாங்கள் இருந்த காலத்தில், நான்கு வயதில், கொதிநீர்க் கேத்தலை இழுத்துத் தலையில் கொட்டிக்கொண்டவள் நான். நெற்றிக்கு மேலே, சரியாக நடு உச்சி பிரிக்கும் இடத்தில், முடியே முளைக்காத தழும்பு. அன்றிலிருந்து பக்க உச்சிதான். முடியை இழுத்து மூடிக் கிளிப் குத்தி வைப்பேன். ரயில் நிலையத்தில் காற்றடித்தால் முதலில் கை தலைக்குத்தான் போகும். நடு உச்சி இல்லாமல் நெற்றிச்சுட்டியை எங்கே வைப்பது? தழும்பின் மேலா?

அதனால் முடி நட்டுக்கொள்வது என்று தீர்மானித்தேன். விசாரித்த முதல் இடத்தில், எண்ணூறு கிராஃப்ட், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றார்கள். கிராஃப்ட் என்றால் பின்தலையிலிருந்து வேரோடு எடுத்து நடும் ஒன்றிரண்டு முடிகள். எனக்கு வாயெல்லாம் பல். எதற்கும் இன்னொருவரையும் கேட்போம் என்று வேறொரு மருத்துவரிடம் போனேன். நரைத்த தலை, சுற்றி வளைக்காத பேச்சு. தழும்பை விரலால் அழுத்திப் பார்த்த அந்தப் பெண்மணி, முதலில் இருநூறுதான் நடுவேன் என்றார். தழும்பில் இரத்த ஓட்டம் குறைவு, நெருக்கி நட்டால் எல்லாமே பட்டுப்போகலாம். எடுத்த இடத்திலும் அந்த முடி திரும்ப முளைக்காது. இருநூறும் பிடித்தால் மிச்சத்தை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்.

அடுத்த வருடமா! அப்போது கல்யாணம்? எனக்கு அவர் மேல் அப்படியொரு கோபம். அம்மாவுக்கு என்னைவிட.

"ஒரேயடியா நட்டு முடிச்சா என்னவாம்? கலியாண ஹோலும் எடுத்தாச்சு, சனத்துக்கும் சொல்லியாச்சு!"

அன்று பின்னேரம் மாப்பிள்ளையோடு தொலைபேசியில் கதைக்கும்போது அழுதுவிட்டேன். தழும்பு விஷயம் அவருக்கு முதலே தெரியும்.

"எனக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. உமக்கு வேணுமெண்டா வடிவாச் செய்யும். கலியாணத்தை ஒரு வருசம் தள்ளுவம். நான் ஒரு இடமும் ஓடமாட்டன்" என்றார்.

தள்ளினோம். ஊர்வாய் சும்மா இருக்குமா? மாப்பிள்ளைக்கு வேறு யாரோ இருக்கிறார்களாம் என்றுகூடக் கதை வந்தது. இருநூறு கிராஃப்டும் நட்டாயிற்று. சில கிழமைகளில் பார்த்தால் அத்தனையும் தலையணையில். அப்படி உதிரும், வேர் உள்ளே இருக்கும் என்று மருத்துவர் முதலே சொல்லியிருந்தார். அம்மா கேட்டால்தானே! தலையில் அடித்துக்கொண்டார். வெளியில் காட்டிக்கொள்ளாவிட்டாலும் எனக்கும் மனசு விட்டுப்போனது.

பனி கரையத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை. எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று கையை நிறுத்தினார்.

"பிள்ளை, இதிலை ஏதோ குத்துது!"

கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலடிக்கு ஓடினோம். தழும்பு முழுக்க, சவரம் செய்யாத தாடி மாதிரி, கறுப்புக் கறுப்பாய்க் குத்திட்டு நின்றன என் முடிகள். அம்மா எண்ணெய்க் கையோடு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். என் சட்டை பாழாய்ப் போனது. போகட்டுமே!

அந்த வருடமே மிச்சத்தையும் நட்டோம். 2007 கோடையில் கல்யாணம். அலங்காரம் செய்ய வந்தவர் தமிழ்நாட்டுப் பெண். சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "வகிடு எந்தப் பக்கம்மா எடுக்கட்டும்?" என்று கேட்டார். இருபது வருடமாக யாரிடமும் சொல்ல முடியாத பதிலை, பக்கத்து அறைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"நேரா நடுவாலை பிரியுங்கோ!"

நெற்றிச்சுட்டி என் சொந்த முடியின் நடுவே ஜம்மென்று போய் உட்கார்ந்தது. இப்போதெல்லாம் எவ்வளவு காற்றடித்தாலும் என் கை தலைக்குப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு காற்றுக்கும், என்னைக் காக்க வைத்த அந்த மருத்துவரையும், எனக்காகக் காத்திருந்த என் வீட்டுக்காரரையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறேன்.