அப்பாவின் வரி

எங்கே பூச்சி உருண்டை மணத்தாலும், திருகோணமலைத் துறைமுகத்தருகே இருந்த அந்தக் கோயில் அறை எனக்குள் திறந்துகொள்கிறது. ஞானஸ்நானப் புத்தகங்களுக்குப் பொறுப்பான மனிதர், ஒரு கண்ணில் பூ விழுந்தவர். யார் வந்து கேட்டாலும், அவர்களுக்குரிய வரி மட்டும் தெரியும்படி பக்கத்தின் மிச்சத்தை வெள்ளைத் துணிகளால் மூடிவிடுவார்.

அறுபதுகளில் ஒரு கிழமை. என் தங்கையின் கலியாண ஓலையை, தடையிருந்தால் சொல்லும்படி மூன்று ஞாயிறு வாசிக்கும் அறிவிப்பை, கோயிலில் முதல்முறை வாசித்திருந்தார்கள். மாப்பிள்ளை அண்மையில்தான் கிறிஸ்தவத்துக்கு மதம் மாறியவர். அதை எழுத்தில் காட்டிக் கலியாணத்தை நிறுத்தப் போனேன்.

“அவன்ர பக்கத்தை எடுங்கோ ஐயா. நாங்கள் பரம்பரை வேதக்காரர். நேற்று வந்தவனுக்குப் பொம்பிளை குடுக்க ஏலாது.”

“மற்றாளின்ர வரியைக் காட்ட ஏலாது தம்பி. உங்கட அப்பாவின்ர வரியை வேணுமெண்டால் பாருங்கோ.”

பழைய புத்தகமொன்றை விரித்துத் துணிகளைப் பரப்பினார். நடுவில் அப்பாவின் பெயர். வயது நான்கு. பெற்றோர் தெரியாது. துறைமுகத்தில் தனியே நின்ற பிள்ளை.

கதிரையில் இருந்தபடியே ஏதோ ஆழத்துக்குள் விழுந்துகொண்டிருந்தேன். அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

“இதை ஆருக்குச் சொன்னனீங்கள்?”

“ஒருத்தருக்கும் இல்லை. முப்பது வருசமா மூடித்தான் வைச்சிருக்கிறன்.”

என்மேல் இரங்கிக் காட்டினாரா, கோபத்தில் காட்டினாரா, இன்றுவரை விளங்கவில்லை. கைத்தாங்கலாக என்னை வாசல்வரை கூட்டிவந்தார்.

“ஞாயிறு ரெண்டாம் ஓலை வாசிப்பினம். தங்கச்சிக்குப் பக்கத்தில வந்து இருங்கோ.”