மாமா பூட்ஸைக் கழற்றிய கோயில்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். வரி நேராகப் போகாது, கீழே இறங்கிக்கொண்டே போகும். எந்த ர, எந்த ற என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மாமாவின் மகள் வரும்போதெல்லாம், "எங்கப்பா எகிப்து போன கதைய அவரக் கேட்டா சிரிச்சே மழுப்புறாரு, நீங்களாவது சொல்லுங்க" என்கிறாள். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன். பிழைகளை அவளே திருத்திப் படித்துக்கொள்ளட்டும்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அம்மாவின் தம்பி பட்டாளத்திலிருந்து திரும்பினார். எனக்கு ஆறு வயதோ ஏழு வயதோ. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் அவர் இறங்கியதும் துப்பாக்கி எங்கே என்றுதான் தேடினேன். ஒரு தகரப் பெட்டியும் ஒரு கம்பளியும்தான் இருந்தன. எகிப்தில் பட்டாளத்துக்குச் சமைத்துப் போட்டவர் என்று தெரிந்ததும் கொஞ்ச நாள் அவரோடு நான் பேசவில்லை.

மாமாவிடம் ஒரு விநோதம் இருந்தது. வீட்டுக்குள்ளும் காலுறையைக் கழற்றமாட்டார். சித்திரை வெயிலில் எல்லோரும் வெற்றுடம்போடு விசிறிக்கொண்டிருக்க, அவர் வேட்டியும் காக்கிக் காலுறையுமாக உட்கார்ந்து சாப்பிடுவார். நடையிலும் ஒரு ஜாக்கிரதை. அம்மா கேட்டால், "பழக்கமாயிடுச்சிக்கா" என்பார்.

தெரு அதை லேசில் விடவில்லை. ஒரு நாள் கிணற்றடியில் அவர் கால் விரலோரம் வெள்ளைத் திட்டு இருந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். அந்த நாளில் திட்டு என்றால் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான், குஷ்டம். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். 'அந்த வியாதி' என்பார்கள். அது வந்த இடத்தில் சூடு வைத்தாலும் உறைக்காது என்பார்கள். அது இருக்கிற வீட்டில் யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். மாமாவுக்கோ சிதம்பரத்தில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தது. தம்பியை நேராகக் கேட்க அம்மாவுக்குத் துணிவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள் என்பதுதான்.

பெண் பார்க்க அப்பா, அம்மா, மாமா, நான் என்று நான்கு பேரும் ரயிலில் போனோம். பெண்ணின் அப்பா கோயிலைச் சுற்றிய வீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. வாசலில் கால் கழுவ அண்டா நிறையத் தண்ணீரும் சொம்பும் வைத்திருந்தார்கள். அப்பா கழுவினார், அம்மா கழுவினாள், என்னையும் கழுவிவிட்டாள். மாமா மட்டும் நின்றார்.

"கழுவிட்டு வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"பரவால்லீங்க."

கதவோரம் நின்ற பெண்ணின் அத்தை விடவில்லை. "இன்னா, மிலிட்டரிக்காரருக்கு எங்க ஊரு தண்ணி ஆவாதா? எகிப்துத் தண்ணிதான் வேணுமா?"

அவள் மட்டும்தான் சிரித்தாள். மாமா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து காலுறைகளை உரித்தார். பாதத்தின் ஓரங்களிலும் விரல் இடுக்குகளிலும் தோல் பழுப்பும் வெள்ளையுமாகச் சுருங்கிக் கிடந்தது. எனக்கு அது வறுத்த அப்பளம்போலத் தெரிந்தது. பெண்ணின் அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டாள். அப்பா தெருப்பக்கம் திரும்பி, போகிற மாட்டுவண்டியைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. இது இன்னாது?" என்றார் பெண்ணின் அப்பா.

"வெந்து போச்சுங்க."

"எப்டி வெந்துச்சு?"

"சொன்னா சிரிப்பீங்க."

"நான் பொண்ணப் பெத்தவன். சிரிக்கிற நெலமையிலயா இருக்கேன்?"

அங்கேயே, படியில் உட்கார்ந்தபடியே, மாமா சொன்னார். சொந்த அக்காவிடம்கூடச் சொல்லாத கதை.

அவருக்கு ஒரு முறை இரண்டு நாள் லீவு கிடைத்ததாம். கூடச் சமையல்கட்டில் இருந்த பஞ்சாபிக்காரர்கள் மூன்று பேரோடு ரயிலேறி லக்ஸர் என்ற ஊருக்கு வேடிக்கை பார்க்கப் போனார். நம் வெள்ளாற்றைப்போலப் பத்து ஆறு சேர்ந்தாற்போல் ஓர் ஆறு. கரையோரம் ஒரு பட்டை பச்சை. அதைத் தாண்டிக் கால் வைத்தால் வெறும் மணல், அதற்கப்புறம் மொட்டை மலை. கழுதை மேல் கரும்புக் கட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். இவரும் ஒரு கழி வாங்கிக் கடித்துக்கொண்டே கடைத்தெருவைச் சுற்றினார்.

"அங்கயும் கரும்பாடா?" என்று அம்மா தன்னை மறந்து கேட்டுவிட்டாள்.

"நெல்லிக்குப்பத்துக் கரும்பு மாரியேதான்க்கா. இனிப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

அப்புறம் ஊரோரத்தில் இருந்த பழைய கோயிலுக்குப் போனார்கள். வாசலில் இரண்டு பக்கமும் ஆட்டுத் தலையோடு வரிசையாகக் கற்சிலைகள் படுத்திருந்தன. உள்ளே, நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத தூண்கள். பூசை நின்று எத்தனையோ காலம் ஆயிற்று, மேலே கூரைகூட இல்லை, துரைமார்கள் தொப்பியும் பூட்ஸுமாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். மாமா மட்டும் வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றி, காலுறையையும் அதற்குள் திணித்து வைத்தார்.

"எதுக்குக் கழட்னீங்க?" பெண்ணின் அப்பா கேட்டார்.

"உள்ள சாமி இருக்குதுங்களே."

"அது எந்தச் சாமியோ!"

"எந்தச் சாமியா இருந்தா இன்னாங்க? பூட்ஸோட எப்டிப் போறது?"

பஞ்சாபிக்காரர்கள் அவசரப்பட்டார்கள். ஆற்றில் நிற்கிற படகு போய்விடும், அக்கரையில் ராஜாக்களின் சமாதி பார்க்க வேண்டும், நீ பின்னால் வா என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மாமா நிதானமாக வலம் வந்தார். சிதம்பரத்தில் வருவதுபோல ஒரு சுற்று முழுதாக வராமல் வெளியே போக அவருக்கு மனசு வரவில்லை. அந்தக் கோயில் சுவருக்கு ஒரு முடிவே இல்லாமல் இருந்தது. சுற்றி வாசலுக்கு வந்தபோது ஆட்டுத் தலைச் சிலைகள் இருந்தன, பூட்ஸ் இல்லை.

உச்சி வெயில். கத்திப் பார்த்தார், யாருக்கும் பாஷை புரியவில்லை. ஆற்றை நோக்கி ஓடினார். முதலில் ஓடினார், பிறகு குதித்தார், பிறகு தொப்பியைக் கீழே போட்டு அதன் மேல் நின்றார், மறுபடி ஓடினார். மணல் பாதம் முழுவதையும் மூடி வேகவைத்தது. தண்ணீரில் காலை விட்டபோதுதான் உயிர் வந்தது. படகுக்காரக் கிழவர் ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து நனைத்து இரண்டு காலையும் சுற்றிவிட்டு, அவரைக் குழந்தைபோலத் தூக்கிப் படகில் போட்டாராம். அப்புறம் ஆஸ்பத்திரி. பட்டாளத்துப் பூட்ஸைத் தொலைத்ததற்கு, குணமானதும் தண்டனை. பாழடைந்த கோயிலில் பூட்ஸைக் கழற்றி வைத்த மதராஸிக்காரன் என்று முகாம் முழுக்கச் சிரித்தார்கள். ஊரிலும் அந்தச் சிரிப்பு வேண்டாமென்றுதான் காலுறை.

"இதுதாங்க" என்று மாமா முடித்தார்.

பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. படியிறங்கி வந்து மாமாவின் எதிரில் குந்தி உட்கார்ந்து, அவருடைய பாதத்தைக் கையில் எடுத்தார். "ஐயோ, பெரியவங்க நீங்க போயி" என்று அம்மா பதறினாள். அவர் காதில் வாங்கவில்லை.

"கண்ண மூடிக்குங்க. எங்க தொடுறேன், சொல்லுங்க."

"கட்ட வெரலு."

"இப்ப?"

"சுண்டு வெரல் ஓரம்."

"இப்ப?"

"தொடலீங்களே."

அவர் தலையாட்டிக்கொண்டார். பிறகு திடீரென்று திட்டு மேலேயே நகத்தை வைத்துப் பலமாகக் கிள்ளினார்.

"ஆ! அம்மா!" என்று மாமா துள்ளியதில் சொம்பு உருண்டு தெருவில் போய் விழுந்தது.

பெண்ணின் அப்பா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. "உள்ள வாங்க மாப்ள" என்றார்.

அதற்கப்புறம்தான் எல்லோரும் சிரித்தார்கள். "கல்யாணத்தன்னிக்கு மாப்ள செருப்புக்கு நான் காவலு இருக்குறேன்" என்று அத்தை சொல்ல, உள்ளறையில் ஒரு வளையல் கை வாயைப் பொத்திக்கொண்டது. எங்களுக்குச் சொஜ்ஜியும் பஜ்ஜியும் கொடுத்தார்கள். அம்மா என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

திரும்பும் ரயிலில் மாமா காலுறை போடவில்லை. கிள்ளிய இடம் சிவந்திருந்தது. எதிரில் உட்கார்ந்த அம்மா குனிந்து அந்த இடத்தை விரலால் அழுத்தினாள்.

"இன்னும் வலிக்குதாடா?"

"வலிக்குதுக்கா."

"நெஜமாவா?"

"நல்லாவே வலிக்குதுக்கா."

அம்மா சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பரங்கிப்பேட்டை தாண்டியதும் மறுபடி குனிந்து அழுத்திக் கேட்டாள். மாமாவும் கோபப்படாமல், வலிக்குது என்று மறுபடி சொன்னார். தம்பிக்கு வலிப்பதில் ஒருத்திக்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் எழுந்து மாமா பக்கம் போய் உட்கார்ந்து, அடுத்து என்னைக் கிள்ளிவிடப் போகிறாள் என்ற பயத்தில், கால் இரண்டையும் மடக்கிச் சட்டைக்குள் இழுத்து வைத்துக்கொண்டேன்.

1982, ஆனி மாதம், திங்கட்கிழமை.