சாவி கொடுக்காத இடது கை

வாரம் மூன்று முறையாவது என் வாட்ச் விடியற்காலையில் நின்றுவிடுகிறது. பேட்டரி கிடையாது, திருகிச் சாவி கொடுக்கவும் வழியில்லை. கை அசைந்தால் தானாகச் சாவி ஏறும் ரகம்.

இன்று திருப்பதிக்கு வேறு வேலையாகப் போனபோது, மனைவியும் நானும் ஒரு ரிப்பேர் கடையில் ஏறினோம்.

கடைக்காரர் திறந்து பார்த்தார். "மிஷின்ல ப்ராப்ளம் ஏமீ லேது, ஒண்ணும் இல்ல சார். கை ஆடினாதான சாவி ஏறும்? நடக்கிறதே இல்லியா?"

"தெனம் காலைல ஒரு மணி நேரம் நடந்துக்கினு இருக்குதே இந்த மனுசன்! சுகர் டாக்டர் சொல்லிக்கீறாரு" என்றாள் மனைவி.

நான் அவசரமாகக் குறுக்கே புகுந்தேன். "ராத்திரி வாட்ச கழட்டி மல்லாக்கப் படுக்க வைக்கிறேன், அதனாலயா?"

"படுக்க வெச்சாலும் சாய்ச்சி வெச்சாலும் கொஞ்சம் முன்னபின்ன ஓடும், அவ்ளோதான். அம்மா சொல்ற மாதிரி நடந்தா நிக்கவே நிக்காது சார்."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "அப்ப தெனம் எங்க போய்க்கினு வர நீ?"

தெருமுனை டீக்கடைக்கு. பெஞ்சில் உட்கார்ந்து மசால் வடை. இதை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

"இனிமே டெய்லி வாட்ச பாப்பேன். நின்னுச்சின்னா நானும் கூட வரேன்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

புத்தூர் பஸ்ஸில் திரும்பும்போதுதான் என் தவறு புரிந்தது. வாட்ச் இடது கையில் இருக்கிறது. வடை தின்பது வலது கை.

இப்போது மாற்றிக் கட்டியிருக்கிறேன். ஒரு நாள் முழுக்க ஓட எத்தனை வடை ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் மைத்துனர் மட்டும், அவளிடம் போட்டுக் கொடுக்காமல், இதைப் படிக்காத மாதிரி இருந்துவிடவும்.