வாய்ச்சொல்லில் திறந்த வால்வு

இன்று காலை ஈப்போ சிலிபினில் எங்கள் வீட்டுப் பக்கம் தண்ணீர்த் தடை முடிந்து குழாயைத் திறந்தேன். முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு திக்கித் திக்கித் தண்ணீர், மறுபடியும் காற்று. "பைப்பு இருமுது லா" என்றாள் மனைவி. எனக்குப் பழைய கூட்டாளி செல்வத்தின் ஞாபகம் வந்துவிட்டது.

சிரிக்காதீர்கள், என் முதல் வேலையே இந்த இருமலைக் கணக்குப் போடுவதுதான். கடலடிக் கிணற்றிலிருந்து எண்ணெய், வாயு, தண்ணீர் மூன்றும் ஒரே குழாயில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும். வால்வை எவ்வளவு திறந்தால் எண்ணெய் அதிகம் கிடைக்கும், எதற்கு மேல் போனால் குழாய் குலுங்கும் என்று ஈப்போவில் ஒரு மாடி அறையில் ஏர்கோனுக்கடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பேன். நான் கடலைப் பார்த்ததே லூமுட் படகுத்துறையில்தான்.

நடுக்கடல் மேடையில் அந்த வால்வைத் திருப்புகிறவன் செல்வம். தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்துக்காரன், என் வயசு. நான் கையெழுத்திட்டு அனுப்பும் பாரம், அதாவது அனுமதிப் படிவம், கைக்கு வந்த பிறகுதான் வால்வைத் தொடவேண்டும் என்பது விதி. நாங்கள் இருவரும் தமிழாயிற்றே, போனில் சொன்னால் போதும், பாரம் பின்னால் போகும். மற்றவர்கள் இரண்டு நாள் இழுப்பதை நாங்கள் பத்து நிமிடத்தில் முடிப்போம். அதில் எனக்கு நல்ல பெயர் வேறு.

ஒருநாள் கிணற்றில் தண்ணீர் கூடிவிட்டதென்று புது அளவைச் சொன்னான். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத் தாளில் குறித்துக்கொண்டேன். தாள் குப்பைக்குப் போனது. பழைய அளவை வைத்தே கணக்கை ஓட்டிவிட்டு, "இன்னும் கொஞ்சம் தொற மச்சான், தாங்கும்" என்றேன். திறந்தான். தண்ணீர் மொத்தமாக வந்து தொட்டியை நிரப்பி, மேடையின் இயக்கமே தானாக நின்றுபோனது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. இரண்டு நாள் உற்பத்தி போயிற்று.

திறக்கச் சொன்னது நீயா என்று விசாரணையில் மேலாளர் கேட்டார். நான் பாரம் அனுப்பவில்லை என்றேன். பொய்யில்லை பாருங்கள். அப்படித்தான் அன்று என்னைத் தேற்றிக்கொண்டேன். செல்வத்துக்கு வேலை போயிற்று.

ஊருக்குக் கிளம்புமுன் போன் செய்தான். திட்டவில்லை.

"நீ சொல்லித்தான மச்சான் தொறந்தேன்?"

"ஆமா" என்றேன். அவனிடம் மட்டும்.

"சரி லா. எல்லாரும் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

வெகுகாலம் கழித்துத் தேடிப் போனேன். அவன் தோட்டத்து லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள், அங்கே செம்பனை மரங்கள் நிற்கின்றன. பழைய நம்பர் சேவையில் இல்லை. அந்த மேலாளர் இறந்துவிட்டார். மாடி அலுவலகம் முடிவெட்டும் கடையாகிவிட்டது. கடல் மேடையையும் கழற்றி எடுத்துவிட்டார்களாம். இப்போது உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு நட்டமும் கிடையாது. அதனால்தான் சொல்ல வாய் வருகிறது போலிருக்கிறது.