மந்திரிக்காத எண்ணெய்

மாதா கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வேலையில் புதுமைகளைப் பற்றிப் பேசலாம், சந்தேகப்படக் கூடாது. நானோ ஒரு புதுமையைப் பதினாலு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே அதைப் பற்றிப் பேசியும் வருகிறேன். புதுமை என்றால் எங்கள் கோயில் பேச்சில் அற்புதம். வாயில் ஒன்று, மனசில் ஒன்று என்று காலம் தள்ளுகிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

வெள்ளிக்கிழமை வரிசை

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் ஒரு கேன் தேங்காய் எண்ணெயை மந்திரித்து வைப்பார். அதைச் சின்னச் சீசாக்களில் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. வாங்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் இந்துக்கள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ரிஷிவந்தியத்திலிருந்து முட்டிவலியோடு ஒரு அம்மா வந்தார், நெற்றி நிறையக் குங்குமம். எனக்கு அன்றைக்குப் போதிக்கிற ஆசை. எண்ணெயில் ஒன்றும் இல்லை, இயேசு செய்த புதுமைகளெல்லாம் அடையாளங்கள், கடவுள் நம்மை மறக்கவில்லை என்பதைக் காட்டுகிற கைகாட்டிகள் என்று கால் மணி நேரம் விளக்கினேன். அந்த அம்மா காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரிங்க. அந்த அடையாளத்தைக் கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்துங்க.”

காலிக் கேன்

அதே வருஷம் கரியாலூருக்கு மேலே ஒரு மலைக் கிராமத்திலிருந்து செல்லம்மா வந்தார். கணவர் பொன்னுசாமி சாராயமே கதி என்று கிடக்க, இரண்டு பருவமாக நிலத்தில் சாமை விதைக்கவில்லை. அன்று கேன் காலி, சாமியார் வெளியூர். மலைக்குப் போகும் பஸ் கிளம்பப் போகிறது. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. வீட்டுக்குள் போனேன். என் மனைவி கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சி வைத்திருந்த தலை எண்ணெயைச் சீசாவில் ஊற்றிவந்து, ஒன்பது நாள் கணவர் நெற்றியில் தேய்த்து ஜெபிக்கச் சொன்னேன். மந்திரிக்காதது என்று மட்டும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து இருவரும் சேர்ந்து வந்தார்கள். பொன்னுசாமி குடியை விட்டிருந்தார். அதோடு நிற்கவில்லை. அந்த மலையில் எவன் குடியை விட நினைத்தாலும் இவர் போய் அவன் வீட்டில் தங்குவார். கை நடுங்குகிற நாட்களில் கஞ்சி ஊட்டுவார், வாந்தியைத் துடைப்பார். அப்படியொரு பொறுமையை நான் யாரிடமும் பார்த்ததில்லை, என்னிடம் நிச்சயமாக இல்லை. போகிற இடமெல்லாம் எண்ணெய்க் கதையையும் சொல்வார். அது பொய் என்று தெரிந்தால் அவரும் அந்த ஆட்களும் திரும்பவும் சாராயத்தில் விழுவார்களோ என்று நான் வாயே திறக்கவில்லை. விஷயம் தெரியாத சாமியார் ஒருநாள் என் தோளைத் தட்டினார்.

“உங்க கையால ஊத்துனது, உபதேசியாரே. அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?”

சாமை மூட்டை

வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் பொன்னுசாமி கோயிலுக்குச் சாமை கொண்டுவருவார். இந்த முறை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“தெரியுங்களே” என்றார். “எங்க வூட்டுக்காரி பஸ்சுலயே மோந்து பாத்துட்டா. கறிவேப்பிலை வாசனை. இல்லன்னு கைய விரிக்காம, தன் வூட்ல இருந்ததக் குடுத்து அனுப்புனாரே, அவரு மனசுல கடவுள் வராம அது நடக்குமான்னு சொல்லிக்கினே ஒம்பது நாளும் தேச்சா. எனக்கு வெக்கமாப் போச்சுங்க.”

பிறகு பையிலிருந்து அதே பழைய சீசாவை எடுத்துக் காட்டினார்.

“குடிய விடுறவங்க வூட்டுக்கு இப்ப எங்க வூட்டு எண்ணெயத்தான் இதுல ஊத்திக்கினு போறேன்.”

இத்தனை வருஷம் அடுத்தவர்களுக்கு ஊற்றியே பழகிய கையை நீட்டி நான் அவரிடம் கடைசியில் கேட்டது இவ்வளவுதான்: “அதுல எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்துவீங்களா, பொன்னுசாமி?”