அண்ணன் கடைந்த ஒன்பது பித்தளைக் கால்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. என்னைவிட நான்கு வயது மூத்த அண்ணனும் அதே தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த விஷயத்தில் எங்கள் பிளாக்கிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குடையோடு என்னை அழைத்துப்போக அண்ணன் சென்டருக்கு வந்தான். உள்ளே இரண்டு பேர் கார் ரேஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். திரை இரண்டாகப் பிரிந்து, மேலே ஒருவர் கார், கீழே இன்னொருவர் கார். ஒரே கீபோர்டில் ஆளுக்கு ஒரு பக்கம். மழை விட்ட பிறகும் அண்ணன் நகரவில்லை. பஸ்ஸில் வரும்போது, "நம்ம ஊட்ல ஒண்ணு இருந்தா நீயும் நானும் இப்டி ஆடலாம் இல்ல பாப்பா?" என்றான். அவன் எதையும் கேட்கிற ரகமே கிடையாது. வாய்விட்டு ஒன்றுக்கு ஆசைப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ரெடிமேடாக வாங்க எங்களுக்குக் கட்டாது. பாகம் பாகமாக வாங்கி நாங்களே மாட்டிவிடுவது என்று முடிவானது. தேர்ந்தெடுக்கிற பொறுப்பு என்னுடையது. இந்த பிராசசருக்கு எந்த மதர்போர்டு, அந்த போர்டில் எந்த ராம் உட்காரும், கேமுக்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டைச் செருக அதில் இடம் இருக்கிறதா என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் மாறும். நான் கிழித்துக் கொடுக்கிற சீட்டோடு, ஓவர்டைம் கிடைத்த மாசமெல்லாம் அண்ணன் சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குப் போய் ஒவ்வொன்றாக வாங்கி வந்தான். அம்மா அதையெல்லாம் பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள்.

எல்லாம் சேர்ந்த பிறகு பார்த்தால், போர்டை கேபினெட்டின் தகரத்தில் படாமல் தூக்கி நிறுத்துகிற சின்னக் கால்கள் மட்டும் கேபினெட்டோடு வந்த பாக்கெட்டில் இல்லை. "அத்த நான் பாத்துக்கறேன்" என்றான் அண்ணன். தொழிற்சாலையிலிருந்து ஓர் ஆணியைக்கூட வெளியே கொண்டுவர முடியாது, கேட்டில் சோதனை உண்டு. அதனால் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வைத்திருந்த கூட்டாளியிடம் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒன்பது பித்தளைக் கால்களைக் கடைந்து எடுத்து வந்தான். ஒன்பதும் ஒரே உயரம், மூக்குத்தித் திருகு மாதிரி அவ்வளவு பொடி மரை.

மறு ஞாயிறு பூஜையெல்லாம் போட்டு மாட்ட உட்கார்ந்தோம். கால்களை வைத்து அதன் மேல் போர்டைத் திருகி மாட்டியது அண்ணன். ஒயர்களைச் செருகியது நான். ஸ்விட்சைப் போட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை, அவ்வளவுதான்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எல்லாம் உன் பித்தளையாலதான். அடியில பட்டு ஷார்ட் ஆயிடுச்சு. உனக்கு இரும்பு அடிக்கத்தான் தெரியும், இதெல்லாம் எதுக்குத் தொடறே?" என்று கத்தினேன். அம்மா என்னை அதட்டினாள். அண்ணன், "எத்தினி நாளா எழுதி வச்சே, நான் கெடுத்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒவ்வொரு காலாகக் கழற்ற ஆரம்பித்தான்.

மறுநாள் போர்டையும் பவர் சப்ளை பெட்டியையும் கூடையில் போட்டுக்கொண்டு, அண்ணனூர் ஸ்டேஷனில் ரயிலேறி வாங்கிய கடைக்கே போனேன். சாட்சிக்கு அந்தப் பித்தளைக் கால்களையும் எடுத்துப்போனேன். கடைக்காரர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊட்ல எப்டி மாட்னியோ, அப்டியே மாட்டிக் காட்டும்மா" என்றார். பவர் சப்ளையிலிருந்து வருகிற இரண்டு செருகிகளையும் மாட்டிக் காட்டினேன்.

"கறுப்பு ஒயருங்க எல்லாம் நடுவுல ஒண்ணா வரணும்மா. நீ ரெண்டையும் இடம் மாத்திட்டே. அதான் போர்டு போச்சு" என்றார்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. விடாமல் பித்தளைக் கால்களை எடுத்து நீட்டினேன். அவர் ஒன்றை விரலில் உருட்டிப் பார்த்தார். "இதால ஒண்ணும் ஆவல. போர்டுல திருகுன தடம் துளைங்க மேலதான் கீது, கரெக்டா வச்சிக்கீறாங்க. யாரு கடைஞ்சது? கடையில வர்றத விட நல்லா கீதே" என்றார். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, அதே ரகத்தில் ஒரு பழைய போர்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

வீட்டு வாசலிலேயே அண்ணன் நின்றிருந்தான். "இன்னா சொன்னாங்க?" என்றான். "போர்டு போயிடுச்சாம். வேற குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடியது. ரேஸும் ஓடியது. ஆட வா என்று அண்ணனை எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "நீ ஆடு பாப்பா, நான் தொட்டா எதனா ஆயிடும்" என்று சிரித்துவிட்டு, கதவோரம் டீ டம்ளரோடு நின்று பார்ப்பான். எனக்கு விளையாட்டே கசந்துபோயிற்று. ஆனாலும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வருஷம் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷின் வந்தது. அதில் பயிற்சிக்கு அண்ணன் பெயரைக் கேட்டார்களாம். அவன் அப்பாவிடம் சொன்னபோது நான் அதே அறையில்தான் இருந்தேன். "எனக்கு அது ஒத்து வராதுப்பா. ஊட்ல ஒண்ண எரிச்சது போதும்." அப்பா வற்புறுத்திப் பார்த்தார், அவன் அசையவில்லை. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவனோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அந்தப் பயிற்சிக்குப் போனார்.

இப்போது நான் பூந்தமல்லியில் இருக்கிறேன். போன பொங்கலுக்கு அண்ணன் வந்திருந்தபோது, இனியும் தாங்காது என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திட்டுவான் என்று பார்த்தேன். அவன் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, "கடையில வர்றத விட நல்லா கீதுன்னா சொன்னாரு?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "நெசமாவா?" என்று திரும்பவும் கேட்டான்.

அன்றைக்கு அந்த வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் என் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆடியிருப்பானே, அதற்கப்புறம் எதைத் தொடவும் பயப்பட்டிருக்க மாட்டானே என்று நினைத்து நினைத்து இன்றும் ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.